ஜான் குரூசி: எடிசனின் கிறுக்கலை இயந்திரமாக்கிய ஸ்விஸ் பூட்டுத் தொழிலாளி. இவரை எலக்ட்ரிகல் இன்ஜினியர் என்று சொல்லலாமா?

#1 குறடு

வணக்கம். எடிசனா டெஸ்லாவா என்ற சண்டை இந்தப் பகுதியில் ஓய்வதே இல்லை. ரெண்டு கட்சிக்காரர்களும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், இன்னொருத்தருக்கும் இடம் வேண்டும்.

ஜான் குரூசி. 1843 மே 15-ல் கிழக்கு ஸ்விட்சர்லாந்தின் அப்பென்ஸெல் மலைப்பகுதியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா அம்மா இல்லை. பக்கத்து நகரமான சென்ட் கேலனில் பூட்டுத் தொழில் பழகினார். அந்தக் காலத்துப் பூட்டுப் பட்டறையை இன்றைய சாவி போடும் கடையாக நினைக்காதீர்கள். அரம் பிடித்து, முடி கனம் முடி கனமாக ராவி, ரெண்டு உலோகத் துண்டுகளை இடைவெளி தெரியாமல் பொருத்தும் இடம் அது. அப்புறம் சூரிச். அதற்கப்புறம் கடல் தாண்டி அமெரிக்கா, சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனியில் வேலை. 1872-ல் நியூவார்க்கில் எடிசனிடம் சேர்ந்தார். எடிசனுக்கு அப்போது 25 வயது, இவருக்கு 29.

எடிசன் படம் போடுகிற அழகை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவருடைய குறிப்பேடுகளின் பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அளவு இருக்காது. எந்த உலோகம் என்றும் இருக்காது. வட்டம், கோடு, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அதைக் கையில் வாங்கி "சரி" என்று சொல்லிவிட்டுப் போய், ஓடுகிற இயந்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவர் குரூசி. எடிசனின் ஆய்வகம் இருந்த மென்லோ பார்க்கில் இயந்திரப் பட்டறையின் தலைமை இவரிடம்தான் இருந்தது.

1877-ல் ஒரு கிறுக்கல் வந்தது. பித்தளை உருளை, அதில் சுருளாக ஒரு பள்ளம், ஒரு கைப்பிடி, ரெண்டு பக்கமும் ஊசி வைத்த சவ்வு. 18 டாலர் என்று கூலியும் குறித்திருந்தது. எடிசன் பிற்காலத்தில் சொன்னபடி, வேலை முடிகிற தறுவாயில்தான் குரூசி "இது எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். "பேசினால் பதிந்துகொண்டு திருப்பிப் பேசும்" என்றாராம். அபத்தம் என்று குரூசி நினைத்தார். உருளைமேல் தகரத்தாளைச் சுற்றி, எடிசன் "மேரிக்கு ஒரு குட்டி ஆடு இருந்தது" என்ற குழந்தைப் பாட்டைக் கத்தினார். ஊசியை மாற்றி வைத்துச் சுற்றினால் அதே குரல் திரும்பி வந்தது. குரூசி தாய்மொழியில் கடவுளைக் கூப்பிட்டுவிட்டார். "வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் திகைத்ததில்லை" என்று எடிசனே சொல்லியிருக்கிறார்.

உலகத்தில் முதன்முதலாகப் பதிந்த குரலைத் திருப்பிச் சொன்ன இயந்திரம் அது, பெயர் ஃபோனோகிராஃப். செய்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

#2 சந்தேகப்பேர்வழி

நல்ல கதை. ஆனால் தலைப்பில் கேட்டதற்கு என் பதில்: முடியாது. சொல்லியிருப்பதெல்லாம் ஃபிட்டர் வேலை. திறமையான ஃபிட்டர், மறுக்கவில்லை. எலக்ட்ரிகல் இன்ஜினியர் என்றால் ஓம் விதியாவது தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவரெல்லாம் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று போர்டு மாட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அந்தக் கிறுக்கலில் "குரூசி, இதைச் செய்" என்று எழுதி ஆகஸ்ட் 12 என்று தேதி போட்டிருக்கிறது. ஆகஸ்டில் செய்ததை டிசம்பர் கடைசி வரை ஏன் காப்புரிமைக்கு அனுப்பவில்லை? இந்தக் கதையில் பாதி, கம்பெனி விளம்பரப் பிரிவு எழுதியது.

#3 குறடு

@சந்தேகப்பேர்வழி, என் பட்டறை போர்டிலும் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்றுதான் இருக்கிறது. பரவாயில்லை, கழற்ற மாட்டேன் :)

நீங்கள் தேதியைப் பிடித்தது சரியான பிடி. அதனால்தான் நான் மாதம் எழுதவில்லை. அந்த ஆகஸ்ட் தேதி பல வருஷம் கழித்துப் படத்தில் எழுதப்பட்டது என்பதுதான் எடிசன் ஆவணங்களைத் தொகுத்தவர்களின் முடிவு. எடிசனின் வலதுகையான சார்லஸ் பேட்ச்லர் நாட்குறிப்பு எழுதுகிறவர். 1877 டிசம்பர் 4-ம் தேதிப் பக்கத்தில் குரூசி ஃபோனோகிராஃப் செய்ததாகவும், 6-ம் தேதிப் பக்கத்தில் வேலை முடிந்ததாகவும் ஒற்றை வரிகள் இருக்கின்றன. மறுநாள் நியூயார்க்கில் ஒரு அறிவியல் பத்திரிகை அலுவலகத்தில் அதைப் பேச வைத்துக் காட்டினார்கள். டிசம்பர் 24 காப்புரிமை விண்ணப்பம். 1878 பிப்ரவரி 19-ல் காப்புரிமை எண் 200,521. கணக்கு சரியாக வருகிறதா?

பெரிய மனுஷர் பிற்காலத்தில் சொன்ன கதையைவிட, அன்றைக்கு ராத்திரி ஒருத்தர் நாட்குறிப்பில் கிறுக்கின ஒற்றை வரி எனக்குப் பெரிசு. அந்த வரியில் இருப்பது குரூசியின் பெயர்.

#4 மின்பாதை

மின்வாரியத்தில் கேபிள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஃபோனோகிராஃப் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதோடு நிறுத்திவிட்டீர்களே குறடு தம்பி. மனுஷர் செய்த பெரிய வேலை தரைக்கு அடியில் இருக்கிறது. சந்தேகப்பேர்வழிக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1880. விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. இனி ஊருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். தந்திக் கம்பியும் டெலிபோன் கம்பியும் நியூயார்க் வானத்தில் ஏற்கெனவே சிலந்திவலை மாதிரி பின்னிக் கிடந்தன. தன் கம்பி எரிவாயுக் குழாய் மாதிரி மண்ணுக்குள்தான் போகும் என்று எடிசன் பிடிவாதமாக நின்றார். சொல்வது சுலபம். அன்றைக்கு மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோன முன்னனுபவம் தந்தித் துறைக்கு மட்டும்தான் இருந்தது. அது சின்ன மின்னோட்டம். விளக்குக்குப் போவது வேறு அளவு.

ஒத்திகையை மென்லோ பார்க்கில் வைத்தார்கள். பள்ளம் தோண்டி, மரத்தொட்டியில் கம்பி போட்டு, தார் ஊற்றி மூடும் பொறுப்பு குரூசிக்கு வந்தது. மூடிவிட்டுச் சோதித்தால் எல்லாம் கசிவு. மழைத் தண்ணீர் இறங்கி, மின்சாரம் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி தோண்டு. வில்சன் ஹோவெல் என்ற இளைஞரை நூலகத்தில் உட்காரவைத்து, மின்காப்புப் பொருட்களைப் பற்றி இருப்பதையெல்லாம் படிக்கச் சொன்னார்கள். அவர் படித்துவிட்டு வந்து ஆய்வகத்தில் அண்டா வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார். நாற்றம் தாங்காமல் மற்றவர்கள் வெளியே ஓடினார்களாம். கடைசியில் தேறியது இது: டிரினிடாட் தீவின் நிலக்கீல், ஆளி விதை எண்ணெய், பாரஃபின், கொஞ்சம் தேன்மெழுகு. அதில் மஸ்லின் துணிப் பட்டையை ஊறவைத்து, கம்பியில் மூன்று சுற்று சுற்றுவது. போட்டதையெல்லாம் வெளியே எடுத்து, சுற்றி, திரும்பப் புதைத்தார்கள்.

வாரியத்தில் நாங்கள் கேபிள் மூட்டுப் பெட்டியில் காம்பவுண்டு என்ற காப்புக் கலவையை ஊற்றுவோமே, அதன் பாட்டன் இது. புதுசாக வந்த பிள்ளைகளுக்குச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை மட்டும்தான் தெரியும். சட்டியில் காம்பவுண்டு காய்ச்சிக் கையைச் சுட்டுக்கொண்டவனுக்கு ஹோவெலின் அண்டா புரியும்.

1881-ல் நியூயார்க் வேலைக்காக எலக்ட்ரிக் டியூப் கம்பெனி தொடங்கியது. நடத்தியவர் குரூசி. 20 அடி நீள இரும்புக் குழாய். உள்ளே அரைவட்டச் செப்புக் கம்பிகள் ரெண்டு, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. இடையில் அட்டைத் தகடு. மீதி இடம் முழுக்கச் சூடான காம்பவுண்டு. குளிர்ந்ததும் அப்படியே தெருவில் இறக்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் வட்டாரத்துக்குப் போட்டது ஏறக்குறைய 14 மைல். ஒரு குழாய் 20 அடி. ஆக, கிட்டத்தட்ட 3,700 மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் செம்பை வளைகிற இணைப்பால் சேர்க்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் கம்பி நீளும். மேலே வார்ப்பிரும்புப் பெட்டி, அதற்குள்ளும் காம்பவுண்டு. கேபிள்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்: கேபிள் நடுவில் கெடுவது அபூர்வம். மூட்டில்தான் கெடும். தண்ணீருக்கு வழி மூட்டுதான். 3,700 மூட்டு, அதுவும் உலகத்தில் யாருக்கும் முன்னனுபவம் இல்லாத காலத்தில்! என் சர்வீஸில் ஒரே ஒரு மூட்டில் தண்ணீர் ஏறி ஒரு வட்டாரமே இருட்டான ராத்திரிகள் உண்டு.

தோண்டியது பெரும்பாலும் ராத்திரி, பகலில் வண்டிப் போக்குவரத்து. 1881 கடைசியில் தரை உறைந்து வேலை நின்றது, பனி விட்டதும் மறுபடி ஆரம்பம். நகராட்சி ஐந்து மேற்பார்வையாளர்களை வைத்து, ஆளுக்கு நாளைக்கு 5 டாலர் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றது. வேலை நின்றுபோகுமோ என்று எடிசன் நடுங்கினாராம். அவர்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்க மட்டும் வந்தார்கள். (வாரியத்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.)

1882 செப்டம்பர் 4, மாலை 3 மணி. பெர்ல் தெரு மின் நிலையத்தில் ஜம்போ என்ற ராட்சத டைனமோ ஒன்றே ஒன்று ஓட, 400 விளக்குகள் எரிந்தன. அந்த மின்சாரம் விளக்கு வரைக்கும் வந்தது குரூசியின் குழாய் வழியாக.

#5 வட்டப்படம்

பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் எலக்ட்ரிகல். சூப்பர் இழை சார்.

ஒரு டவுட். குழாய் எல்லாம் சரியாகவே இருந்ததா? ஷாக் அடித்த கதை எதுவும் இல்லையா?

#6 மின்பாதை

இல்லாமலா? ஆன் தெருவும் நாசாவ் தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு கசிவு. லாடம் அடித்த குதிரை ஈரத் தரையில் கால் வைத்ததும் துள்ளியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி, போலீஸ்காரர் ஓடிவந்து முறையிட்டார். மறுநாள் ஒரு குதிரைத் தரகர் வந்து, தன் சந்தையிலும் இந்த ஏற்பாடு செய்துதர முடியுமா, கிழட்டுக் குதிரை நிமிர்ந்து நிற்கும் என்று கேட்டதாக எடிசன் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. நிலையத்தின் நிலவறையில் குழாய்க் குவியல்மேல் எடிசன் ராத்திரியில் படுத்துத் தூங்குவார். அதே இடத்தில் சோதனை வேலை பார்த்த ரெண்டு ஜெர்மன்காரர்கள் அந்த ஈரத்திலும் குளிரிலும் தொண்டை அடைப்பான் வந்து செத்துப்போனார்கள். இதைச் சொன்ன எடிசன் அவர்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "என்னை ஒன்றும் செய்யவில்லை" என்றார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது உண்மை.

#7 அப்பென்ஸெல் அடிவாரம்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான், இப்ப இருக்கிறது சென்ட் கேலன் பக்கத்தில. ஜன்னலைத் திறந்தால் அப்பென்ஸெல் மலை தெரியும். இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

இண்டைக்கு இந்த நாட்டைப் பார்க்கிறவைக்கு, இஞ்ச இருந்து சனம் பிழைப்புத் தேடிப் போனது எண்டால் நம்ப மாட்டினம். 19-ம் நூற்றாண்டில இது வறிய நாடு. இந்தப் பகுதியில வீட்டுக்கு வீடு தறி, நிலவறையில இருந்து நெய்தவை. இயந்திரத் தறி வந்து அந்தச் சீவியத்தைத் தின்றது. பஞ்சம் வந்தால் ஊர்ச்சபையே கப்பல் காசு குடுத்து ஏழைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினதும் நடந்தது. விஸ்கான்சினில நியூ கிளாரஸ் எண்டு ஒரு ஊர் இருக்கு, 1845-ல கிளாரஸ் மாநிலத்துச் சனம் போய் உண்டாக்கினது.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளின்ர கதை இன்னும் மோசம். கமக்காரரிட்ட வேலைக்காரப் பிள்ளையளாக் குடுத்துவிடுறது 20-ம் நூற்றாண்டு வரைக்கும் நடந்தது. 2013-லதான் அரசாங்கம் அதுக்கு மன்னிப்புக் கேட்டது. அப்பிடியான காலத்தில தாய் தகப்பன் இல்லாத ஒரு பெடியனுக்கு ஒரு தொழில் கையில கிடைச்சது பெரிய காரியம்.

தொழில் பழகிறது இஞ்ச இண்டைக்கும் குறைச்சலான விசயம் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையளில ஏறக்குறைய மூண்டில ரெண்டு பங்கு தொழிற்பயிற்சிக்குத்தான் போகினம். கிழமையில ஒண்டு ரெண்டு நாள் பள்ளிக்கூடம், மிச்ச நாள் பட்டறை. என்ர மகனும் இயந்திரத் தொழில்தான் பழகிறான். ஊரில இருக்கிற சொந்தக்காரர் "ஏன் பிள்ளையைப் படிப்பிக்கேல்லையோ?" எண்டு கேக்கினம். என்னத்தைச் சொல்ல.

#8 வட்டப்படம்

அண்ணா, அந்தக் கேள்வி எங்க வீட்டிலும் இருக்கு. பி.இ. சேராமல் டிப்ளமோ சேர்ந்ததற்கு என் பெரியம்மா இன்னும் துக்கம் விசாரிக்கிறார்.

#9 சந்தேகப்பேர்வழி

மின்பாதை ஐயாவின் பதிவு அருமை. குழாய் விஷயத்தில் பாதி விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கேளுங்கள்: காம்பவுண்டைக் கண்டுபிடித்தவர் ஹோவெல். நிலையத்திலிருந்து வரும் ஊட்டுக் கம்பி (ஃபீடர்), வீடுகளுக்குப் பிரியும் பகிர்மானக் கம்பி என்று பிரித்துச் செம்பைப் பெருமளவு மிச்சப்படுத்திய யோசனை எடிசனுடையது. கணக்குப் போட்டவர் ஃபிரான்சிஸ் அப்டன், அவர் பிரின்ஸ்டனில் படித்தவர், ஜெர்மனியிலும் போய்ப் படித்தவர். குரூசி செய்தது நிறைவேற்றம். காண்டிராக்டர் வேலை. இதில் இன்ஜினியர் எங்கே வருகிறார்?

இன்னொன்று. ஸ்விஸ் எலக்ட்ரிகல் இன்ஜினியர் வேண்டுமென்றால் பெர்னார்டு பெரண்டை எடுத்திருக்கலாம். 1875-ல் வில்னேவ் என்ற ஊரில் பிறந்து அமெரிக்கா போனவர். தூண்டல் மோட்டார் எப்படி ஓடும் என்பதை ஒரு வட்டத்தில் காட்டும் வட்டப்படம் போட்டவர். இந்தத் தம்பி பெயரே அதுதான்! 1917-ல் டெஸ்லாவுக்கு எடிசன் பதக்கம் கொடுத்தபோது மேடையில் டெஸ்லாவைப் புகழ்ந்து பேசியதும் அவரே. கணக்கு தெரிந்த மனுஷர்.

#10 குறடு

பெரண்டுக்குத் தனி இழை போடுங்கள், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் அவர் வந்தபோது தெரு போட்டாகிவிட்டது. அவர் அதில் வண்டி ஓட்டினார்.

குரூசி பட்டம் வாங்காததைச் சொல்கிறீர்கள். சரி, அவர் எங்கே போய் வாங்கியிருக்க முடியும்? டார்ம்ஸ்டாட்டில் எரஸ்முஸ் கிட்லருக்கு மின்பொறியியல் பேராசிரியர் பதவி கொடுத்தது 1882. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பாடம் ஆரம்பித்ததும் 1882, கார்னெலில் 1883. அமெரிக்க மின்பொறியாளர் சங்கம் தோன்றியது 1884. குரூசியின் குழாய் 1882 செப்டம்பரிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது! பாடப்புத்தகம் எழுதப்படுவதற்கு முன்னால் தேர்வு எழுதி முடித்த ஆள்.

சூரிச்சிலே பாலிடெக்னிக்கம் 1855-லிருந்தே இருந்தது. குரூசி அந்த ஊர்ப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் மேலே குன்றில் அந்தப் பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் போகிற வசதி பெற்றோர் இல்லாத பையனுக்குக் கிடையாது. அது அவர் திறமையின் அளவு இல்லை.

"நிறைவேற்றம்" என்கிறீர்களே, அது என்ன என்று பட்டறைக்காரன் சொல்கிறேன். கிறுக்கலில் உருளையும் பள்ளமும் இருக்கிறது. ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரை? உருளை சுற்றும்போதே நகரவும் வேண்டும், அப்படியானால் தண்டிலும் அதே மரை வெட்ட வேண்டும். ரெண்டு மரையும் ஒரு மயிரிழை பிசகினால் ஊசி பள்ளத்தை விட்டு மேட்டில் ஏறித் தகரத்தாளைக் கிழிக்கும். சவ்வு எவ்வளவு கனம், ஊசி எவ்வளவு அழுத்தம்? இதெல்லாம் படத்தில் இல்லை. முதல் தடவையிலேயே பேசியது என்றால், அதற்கு முன் அத்தனை முடிவையும் ஒருத்தர் எடுத்திருக்கிறார். முடிவு எடுத்தவருக்கு என்ன பெயர்?

#11 அம்மி

உள்ளே வரலாமா? எலக்ட்ரிகல் படித்து, துணைமின் நிலையத்தில் வேலை பார்த்து, பிள்ளைகள் பிறந்ததும் விட்டவள். படித்துக்கொண்டே வந்தேன். ஆளாளுக்குக் குழாயும் மரையுமாகப் பேசுகிறீர்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தோண்டப் போனால் விடியற்காலையில் வருகிறார். அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?

#12 குறடு

சரியான கேள்வி அக்கா. மனைவி எமிலி. பெரிய குடும்பம். மென்லோ பார்க் என்பது ரயில் நிற்கிற இடத்தை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. கல்யாணம் ஆகாத பையன்கள் சாரா ஜோர்டன் என்ற அம்மாள் நடத்திய விடுதியில் தங்கினார்கள். எடிசன், பேட்ச்லர், குரூசி மாதிரி குடும்பஸ்தர்களுக்குத் தனி வீடு. ஆய்வகத்துக்கு நடந்து போகிற தூரம். ஆனால் நடுராத்திரிச் சாப்பாடும் ஆர்கன் வாசித்துப் பாட்டும் ஆய்வகத்தில்தான். வீட்டில் பெண்கள் ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எமிலி எத்தனை முறை வீட்டைக் கட்டியிருப்பார் பாருங்கள். நியூவார்க், 1876-ல் மென்லோ பார்க், பிறகு நியூயார்க், 1886-ல் அதே மாநிலத்தின் வடக்கே ஸ்கெனெக்டடி. எடிசன் எங்கே போனாலும் குரூசி குடும்பம் பின்னாலேயே மூட்டை கட்டியது. பிள்ளைகளோடு.

குரூசி உயிரோடு வீட்டுக்கு வந்ததே அதிர்ஷ்டம் என்று நினைக்க ஒரு சம்பவம் உண்டு. 1880-ல் எடிசன் மென்லோ பார்க்கில் மின்ரயில் ஓட்டிப் பார்த்தார். ஜூன் மாதம் ஒரு நாள் அவருடைய வக்கீல் கிரோவ்னர் லோரியும் ஏறினார். வண்டியை ஓட்டியவர் குரூசி. மணிக்கு 40 மைல் வேகம். வளைவில் தண்டவாளத்தை விட்டுக் குதித்தது. குரூசி முகம் குப்புற மண்ணில். இன்னொருவர் புதருக்குள் குட்டிக்கரணம். எடிசன் குதித்து இறங்கிச் சிரித்து, "என்ன அழகான விபத்து!" என்றாராம். குரூசி எழுந்தார், முகத்தில் ரத்தம். அந்த ஸ்விஸ் உச்சரிப்பு மாறாமல், "ஆமாமா, முழுக்கப் பாதுகாப்புதான்" என்றார். லோரி இதை அப்போதே கடிதத்தில் எழுதிவைத்தார். குரூசியின் குணத்துக்கு எனக்கு இந்த ஒரு வரி போதும். கூடவேலை செய்தவர்கள் அவரை "நேர்மை ஜான்" என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியை முகத்துக்கு நேரே கிண்டல் செய்யவும் அந்த நேர்மைக்குத் தைரியம் இருந்தது.

#13 அம்மி

நன்றி தம்பி. அந்தக் கிண்டலை ராத்திரி வீட்டுக்கு வந்து எமிலியிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். முகத்துக் காயத்துக்கு மருந்து போட்டவள் அவ்வளவு சிரித்திருக்க மாட்டாள்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

#14 சந்தேகப்பேர்வழி

அதற்கு முன் ஸ்கெனெக்டடிக்கு ஏன் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள். குடும்பக் கதையில் அது அமுங்கிப்போகிறது. 1886-ல் நியூயார்க் கோர்க் தெருத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். தொழிலாளர் சங்கம் இல்லாத ஊராகத் தேடி எடிசன் ஓடினார். ஸ்கெனெக்டடியில் ரயில் இன்ஜின் செய்யக் கட்டிப் பாதியில் நின்ற ரெண்டு கொட்டகைகள் கிடந்தன. விலை 45,000 டாலர். கடைசிப் பாக்கியை ஊர்க்காரர்களே வசூல் செய்து போட்டார்கள், தொழிற்சாலை வந்தால் போதும் என்று. அங்கே போய்த் தொழிற்சாலையை வளர்த்தவர் உங்கள் நேர்மை ஜான். ஒரு காலத்தில் கூலிக்கு அரம் பிடித்தவர், இப்போது சங்கத்தைத் தவிர்க்க ஊர் மாறிய கம்பெனியின் மேலாளர். இதையும் எழுதுங்கள்.

#15 குறடு

எழுதியே ஆக வேண்டும், நன்றி. 1892-ல் எடிசன் கம்பெனியும் தாம்சன்-ஹூஸ்டன் கம்பெனியும் சேர்ந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோது ஸ்கெனெக்டடி தொழிற்சாலை குரூசியின் பொறுப்பில் இருந்தது. பிற்பாடு அந்தக் கம்பெனியின் தலைமை இயந்திரப் பொறியாளர் ஆனார். தலைப்பில் கேட்டதற்கு ஜி.இ. கொடுத்த பதில் அது :) 1894-ல் சார்லஸ் ஸ்டெய்ன்மெட்ஸ் அதே ஊருக்கு வந்தார். ஏ.சி. (மாறுமின்னோட்ட) கணக்கைக் காகிதத்தில் போடுகிறவரும், உலோகத்தில் போடுகிறவரும் ஒரே மதில் சுவருக்குள் வேலை பார்த்தார்கள். 1899 பிப்ரவரி 22-ல் ஸ்கெனெக்டடியிலேயே குரூசி இறந்தார். 55 வயதுதான்.

பிள்ளைகளைப் பற்றி அக்கா கேட்டதற்கும், சங்கத்தைப் பற்றிச் சந்தேகப்பேர்வழி சொன்னதற்கும் சேர்த்து ஒரு பதில். மகன் வால்டர், ஸ்கெனெக்டடி நகரத்து ஏழைகள் நலத்துறைக்குப் பொறுப்பாளராக இருந்தார். எந்த ஆட்சியில் என்கிறீர்கள்? 1911-ல் தேர்தலில் ஜெயித்த சோஷலிஸ்ட் மேயர் ஜார்ஜ் லன் ஆட்சியில்! சங்கத்துக்குப் பயந்து எடிசன் ஓடிவந்த ஊர் 25 வருஷத்தில் சோஷலிஸ்டுகளுக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. ஸ்டெய்ன்மெட்ஸும் அந்த ஆட்சியில் கல்வி வாரியத்தில் இருந்தார்.

#16 சந்தேகப்பேர்வழி

அடேங்கப்பா. இது எனக்குப் புதுசு. மகனுக்காக அப்பாவுக்குப் பத்து மதிப்பெண் கூடுதல்.

#17 மின்பாதை

இன்னொரு மகன் பாலையும் சொல்ல வேண்டும். அவர் மென்லோ பார்க்கில் பிறந்தவர். தெற்கே சட்டனூகாவில் அமெரிக்கன் லாவா என்ற கம்பெனி ஆரம்பித்தார். பெயரில்தான் எரிமலை. செய்தது மாக்கல்லில் மின்காப்பு உறுப்புகள். மாக்கல் தெரியுமல்லவா, நம்ம வீட்டுக் கல்சட்டிக் கல். மெத்தென்று இருக்கும்போதே கடைந்து மரை வெட்டி, பிறகு சூளையில் சுட்டால் இரும்பு மாதிரி இறுகிவிடும். மின்சாரம் தாண்டாது, சூட்டில் வெடிக்காது. கேஸ் விளக்கு முனையிலிருந்து மின்சாதன உறுப்பு வரை போனது.

அப்பா நிலக்கீல் காய்ச்சி ஊற்றினார், மகன் கல்லைச் சுட்டார். ரெண்டு பேருக்கும் பிழைப்பு, மின்சாரத்தைப் போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் தடுப்பது. என் பிழைப்பும் அதுவாக இருந்ததால் எனக்கு இந்த வீட்டின்மேல் ஒரு சொந்தம்.

#18 வட்டப்படம்

சார், கடைசியா ஒண்ணு. அந்தக் குழாய் இன்னும் நியூயார்க்கில் மண்ணுக்குள் இருக்கா?

#19 மின்பாதை

பெர்ல் தெரு நிலையம் 1890 ஜனவரி 2-ல் தீப்பிடித்தது. ஒரே ஒரு ஜம்போ பிழைத்தது. ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் அமைத்த அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். அங்கேயே மென்லோ பார்க் ஆய்வகத்தையும் திரும்ப எழுப்பி, சாரா ஜோர்டன் விடுதியைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். குரூசியின் பட்டறையும் அந்த வளாகத்தில் உண்டு.

குழாயைக் கேட்கிறாய். அந்த வகை, பழைய டியூப் என்று பின்னால் வந்த கேபிள்களுக்கு வழிவிட்டது. உறைக்குள் இழுக்கிற கேபிள் வந்ததும் 20 அடிக்கு ஒரு மூட்டு என்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஆனால் எடிசன் ஆரம்பித்த டி.சி. (நேர்மின்னோட்ட) விநியோகம் நியூயார்க்கில் நின்றது எப்போது தெரியுமா? 2007 நவம்பர் 14. கிழக்கு 40-வது தெருவில் கடைசி வாடிக்கையாளரின் இணைப்பை வெட்டினார்கள். 125 வருஷம்.

#20 சந்தேகப்பேர்வழி

பெரண்டு இழையை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். வட்டப்படம் தம்பி, உன் பாடநோட்டை எடுத்து வை. மின்பாதை ஐயா வராமல் இருக்கக்கூடாது. குறடு வந்தால் போர்டைக் கழற்றிவிட்டு வரலாம்.

#21 குறடு

போர்டோடுதான் வருவேன்.